பந்திக்கு வராதவர்களின் பயம்: சபைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும், சுவிசேஷகர்களுக்கும், பிரசங்க பீடத்தில் நின்று எங்களோடு பேசுகிற அனைவருக்கும், ஸ்தோத்திரம்.

என் அம்மா பதினோரு ஆண்டுகள் திருவிருந்து எடுக்கவில்லை.

அவர் சபையை விட்டு விலகியவர் அல்லர். ஞாயிறு ஆராதனைக்கு எல்லாருக்கும் முன்பாகப் போய் அமர்ந்துவிடுவார். உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போவார். நோயுற்றவர் இருக்கும் வீடுகளைத் தேடிப் போய் ஜெபிப்பார். விடியுமுன் எழுந்து வேதம் வாசிப்பார். ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று, வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்தை நோக்கி நடக்கும்போது, அவர் கால்களை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பயமாயிருக்கிறது."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். என் தம்பி காய்ச்சலில் இறந்த ஆண்டு அது. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பிரசங்கியார் ஜெபம் முடிந்ததும், "அறிக்கையிடாத பாவம் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சில வாரங்களுக்குப் பிறகு வேறொரு கூட்டத்தில், அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், திருவிருந்துப் பந்தியில் சேருகிறவனுக்கு வரும் ஆக்கினையைப் பற்றி இன்னொருவர் இடிமுழக்கமாகப் பேசினார். அம்மா இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். தம்பி படுக்கையில் விழுந்ததற்கு முந்தின ஞாயிறு அவர் திருவிருந்து எடுத்திருந்தார். அந்த நாட்களில் அவருக்கும் என் அத்தைக்கும் பேச்சு இல்லை. வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. பெற்ற பிள்ளையின் சாவுக்குத் தானே காரணம் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தத் தீர்ப்பைப் பதினோரு ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்தார்.

அந்த இருவர்மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். இருவருமே தேவபயத்தைப் போதிப்பதாக உண்மையாகவே நம்பினார்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்த நம்பிக்கைதான். தேவபயம் என்ற பெயரில் எங்களுக்கு நீங்கள் கொடுப்பது தேவபயம்தானா என்று உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மாவைப் பந்தியிலிருந்து துரத்திய அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம், 29-ஆம் வசனம். பெரும்பாலும் அந்த ஒரு வசனத்தை வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். பன்னிரண்டு வசனங்கள் முன்னே போய் 17-இலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையார் பந்திக்குக் கூடினார்கள். இருக்கிறவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு நிறைந்திருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுல் கொதித்துப்போய்க் கேட்கிறார்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" அபாத்திரம் என்ற வார்த்தை இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வருகிறது. கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாதவன் என்று அவர் சொல்வது யாரை? பக்கத்தில் பசியோடு இருப்பவனும் அந்தச் சரீரத்தின் அவயவம் என்று அறியாமல் அப்பத்தைப் பிட்டவனைத்தான். "நீங்களே கிறிஸ்துவின் சரீரம்" என்று அடுத்த அதிகாரத்தில் அவரே விளக்கிவிடுகிறார். முடிவாக அவர் கொடுக்கும் கட்டளை என்ன? பயந்து ஒதுங்குங்கள் என்றா? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். தன்னைச் சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்று எங்கேயும் இல்லை. சோதித்தறிந்து, புசிக்கக்கடவன் என்றுதான் இருக்கிறது.

30-ஆம் வசனத்தை நான் மறைக்கப் போவதில்லை. உங்களில் அநேகர் பலவீனராயும் வியாதியுள்ளவர்களாயும் இருக்கிறார்கள், அநேகர் நித்திரையடைந்தார்கள், அதாவது இறந்துபோனார்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார். கடினமான வசனம்தான். ஏழையை வெட்கப்படுத்திவிட்டுப் பரிசுத்த பந்தியில் கை வைத்த ஒரு சபை முழுவதையும் பார்த்து அவர் அதைச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைத் தனியே நிறுத்தி, உன் பாவம்தான் இதைச் செய்தது என்று சொல்ல அந்த வசனம் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை.

போதகர்களே, இங்கே நடந்ததைப் பாருங்கள். வயிறு நிறைந்தவர்கள் நடுங்க வேண்டிய வசனம் அது. ஆனால் அவர்கள் நிம்மதியாக எழுந்து போய் அப்பம் பிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள் உட்கார்ந்த இடத்தில் நடுங்கினாள். யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களை விட்டுவிட்டு, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள்மேல் அதைத் திருப்பிவிட்டோம். ஒரு வசனத்துக்கு மட்டும் இப்படி நேர்ந்திருந்தால் தவறிப்போயிற்று என்று விட்டுவிடலாம். இது தேவபயத்தைப் பற்றிய போதனை முழுவதற்கும் நேர்ந்திருக்கிறது என்பதே என் துக்கம்.

"உன் தேவனுக்குப் பயந்திரு" என்ற கட்டளை லேவியராகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். 19-ஆம் அதிகாரத்திலும் 25-ஆம் அதிகாரத்திலுமாக ஐந்து இடங்கள். செவிடனை நிந்தியாதே, குருடன் வழியில் தடுக்கலை வையாதே, தேவனுக்குப் பயந்திரு. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு, தேவனுக்குப் பயந்திரு. விற்கும்போதும் வாங்கும்போதும் அநியாயம் செய்யாதே, தேவனுக்குப் பயந்திரு. கை இளைத்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்காதே, தேவனுக்குப் பயந்திரு. உன்னிடம் வேலைக்கு வந்தவனைக் கொடூரமாய் ஆளாதே, தேவனுக்குப் பயந்திரு.

ஐந்து இடத்திலும் பயப்படச் சொல்லப்பட்டவன் பலமுள்ளவன். எதிரே நிற்பவன் பலவீனன். செவிடனைத் திட்டினால் அவன் காதில் விழாது. குருடன் இடறி விழுந்தால் கல்லை வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. கடன்பட்டவன் எதிர்த்துப் பேச மாட்டான். மனிதரில் எவரும் கேள்வி கேட்காத அந்த இடத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவையே வேதம் தேவபயம் என்கிறது. பலவீனனைச் சுற்றிக் கட்டப்பட்ட மதில் அது.

எகிப்தில் சிப்பிராளும் பூவாளும் இதைத்தான் செய்தார்கள். பிறக்கிற எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொன்றுவிடும்படி பார்வோன் கட்டளையிட்டான். அந்த இரண்டு மருத்துவச்சிகளும் தேவனுக்குப் பயந்ததினால் பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள். நாட்டையே நடுங்க வைத்த அரசனின் பெயரை யாத்திராகமம் நமக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சொல்லியிருக்கிறது. தேவனுக்குப் பயந்தவர்கள் அவரைத் தவிர வேறு எவருக்கும் பயப்படவில்லை. எங்கள் சபைகளில் இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பார்க்கிறேன். தேவபயம் உள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் போதகருக்குப் பயப்படுகிறார்கள், மூப்பருக்குப் பயப்படுகிறார்கள், சபையார் என்ன பேசுவார்கள் என்று பயப்படுகிறார்கள். கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்கவும் நா எழுவதில்லை.

கேள்வி கேட்க வாய் திறப்பவனுக்கு நீங்கள் காட்டும் வசனமும் ஒன்று உண்டு. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலிருங்கள்." 105-ஆம் சங்கீதம். காணிக்கைக் கணக்கைக் கேட்டவர்களுக்கும், ஒரு பெண்ணுக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வந்தவர்களுக்கும் இந்த வசனமே பதிலாகக் கிடைத்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்கு மேலே உள்ள வசனங்களையும் வாசித்துக் காட்டியிருக்கலாம். அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் யார்? சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சத் தொகையான பரதேசிகளாக, தேசத்துக்குத் தேசம் அலைந்து திரிந்த ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். தொடாதிருங்கள் என்று யாருக்குச் சொல்லப்பட்டது? ராஜாக்களுக்கு. நாதியற்றவர்களை அதிகாரத்திலிருந்து காக்கும்படி பேசப்பட்ட வார்த்தையை, அதிகாரத்தை நாதியற்றவர்களிடமிருந்து காக்க எடுத்துக்கொண்டோமே. இதைச் செய்யும்போது நம் கை நடுங்கியிருக்க வேண்டாமா?

நெகேமியாவை நினைத்துக்கொள்கிறேன். யூதாவிலே அவர் அதிபதியாயிருந்தார். அவருக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் வாங்கினார்கள், அதற்குமேல் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரரும் ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். நெகேமியாவோ 12 ஆண்டுகள் அதிபதிக்குரிய படியைத் தொடவில்லை. காரணத்தை ஒரே வரியில் சொல்கிறார்: தேவனுக்குப் பயந்ததினால் நான் அப்படிச் செய்யவில்லை. தேவபயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அவருக்கு உரிமை இருந்தது, வழக்கமும் இருந்தது, தடுக்க ஆள் இல்லை. ஜனங்கள்மேல் ஏற்கெனவே பாரம் இருக்கிறது என்று கண்டு கையை மடக்கிக்கொண்டார். தசமபாகம் கொடாதவனுக்கு வரும் சாபத்தைப் பற்றிப் பேசுகிற பீடத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரமும் முழுதாக வாசிக்கப்பட வேண்டும்.

ஏலியின் குமாரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓப்னியும் பினெகாசும் செய்ததை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். கர்த்தருக்கென்று வந்த பலியில் தங்கள் பங்கைப் பலவந்தமாய் எடுத்துக்கொண்ட அவர்கள் ஆசாரியர்கள். தேவபயம் அற்றுப்போனது ஆலயத்துக்கு வெளியே தொடங்கவில்லை.

இங்கே நீங்கள் என்னைக் கேட்கலாம். நரகம் இல்லை என்கிறாயா? நியாயத்தீர்ப்பு இல்லை என்கிறாயா? பயத்தை எடுத்துவிட்டால் ஜனங்கள் எப்படிப் பரிசுத்தமாக நடப்பார்கள்?

நான் அப்படிச் சொல்லவில்லை. "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்" என்று சொன்னவர் ஆண்டவரே. அந்த வார்த்தையைத் தண்ணீர் விட்டுக் கரைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதை யாரிடம், எப்போது சொன்னார்? ஓநாய்களுக்குள்ளே ஆடுகளைப் போல அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரிடம் சொன்னார். அடிப்பார்கள், அரசர் முன் நிறுத்துவார்கள், கொல்லவும் செய்வார்கள் என்று சொல்லிவிட்டு, கொல்லுகிறவர்களுக்குப் பயப்படாதிருக்கும்படிக்கே அதைச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே அடைக்கலான் குருவிகளைப் பற்றிப் பேசுகிறார். ஒரு காசுக்கு இரண்டு விற்கப்படுகிற குருவிகளில் ஒன்றும் பிதாவை அல்லாமல் தரையில் விழாது, உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது, ஆதலால் பயப்படாதிருங்கள் என்கிறார். நரகமும் குருவியும் ஒரே பேச்சில் நான்கு வசனங்களுக்குள் வருகின்றன. நீங்கள் முதல் வசனத்தோடு நிறுத்தும் ஒவ்வொரு முறையும், குருவியின் கதை தெரியாமல் ஒருவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்.

இன்னொரு வகைப் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. பயத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்கள் நீங்கள். தேவன் நண்பர், தேவன் அப்பா, அவரிடம் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று ஓராண்டு முழுவதும் உங்களால் பிரசங்கிக்க முடிகிறது. என் அம்மாவைப் போன்றவர்கள்மேல் இரங்கித்தான் சிலர் அப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மதிலை இடித்தபோது யார் வெளியே நின்றார்கள் என்று பார்க்கவில்லை. தேவபயம் பேசப்படாத சபையிலும் பலமுள்ளவன் பலமுள்ளவனாகவே இருக்கிறான். அவனைத் தடுத்துநிறுத்த அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

அப்படியானால் எந்தப் பயம்? இதை நான் பல ஆண்டுகள் யோசித்தேன். 130-ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம்தான் எனக்குக் கதவைத் திறந்தது. "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." முதல்முறை கவனித்து வாசித்தபோது அச்சுப் பிழையோ என்று தோன்றியது. தண்டனை உண்டு, ஆகவே பயம் என்றால் புரியும். மன்னிப்பு உண்டு, ஆகவே பயம் என்றால்?

மாற்கு எழுதின புயல் கதையை இந்த வசனத்தோடு வைத்து வாசித்தேன். அலைகள் படவின்மேல் மோதுகின்றன. சீஷர்கள் செத்தோம் என்று அலறுகிறார்கள். இயேசு எழுந்து காற்றை அதட்டுகிறார், கடல் அமைதியாகிறது. கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கடல் அமர்ந்த பிறகுதான் அவர்கள் "மிகவும் பயந்து" இவர் யாரோ என்று ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஆபத்து போய்விட்டது, ஆனாலும் பயம் பெருகிற்று. முதல் பயம் சாவைப் பற்றியது. இரண்டாவது, தங்களோடு ஒரே படவில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் யார் என்று கண்டுகொண்டதால் வந்தது. அந்தப் பயத்தில் யாரும் கடலில் குதித்து ஓடவில்லை. அவரோடேயே அக்கரைக்குப் போனார்கள்.

பேதுருவுக்கும் அப்படித்தான். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாமல் இருந்தபோது அவர் நடுங்கவில்லை. வலை கிழிந்துபோகத்தக்கதாக மீன் கிடைத்தபோது இயேசுவின் முழங்காலில் விழுந்து, நான் பாவியான மனுஷன் என்கிறார். பயமுறுத்தல் எதுவும் அங்கே இல்லை. அளவுக்கு மிஞ்சிய தயவுதான் அவரை விழவைத்தது. ஏதேனில் ஆதாமுக்கு வந்தது வேறு பயம். சத்தத்தைக் கேட்டுப் பயந்து, ஒளித்துக்கொண்டேன் என்றான். பயம் வந்ததும் ஒருவன் ஒளிந்துகொள்கிறானா, முழங்காலில் விழுகிறானா என்று பாருங்கள். எங்கள் பயம் எந்த வகை என்று அதிலேயே தெரிந்துவிடும். என் அம்மா கடைசி வரிசையில் ஒளிந்திருந்தார்.

இது புதிய போதனை அல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின், யோவானின் முதலாம் நிருபத்தைச் சபைக்கு விளக்கிச் சொன்னபோது ஓர் உவமை கூறினார். பயம் ஊசி, அன்பு நூல். ஊசி துணிக்குள் நுழைந்தால்தான் நூல் பின்னால் வரும். ஆனால் ஊசி வெளியே வந்தாக வேண்டும், நூல்தான் துணியில் தங்க வேண்டும். எங்களுக்கு ஊசி குத்தியபடியே நிற்கிறது, போதகர்களே. தைக்க வந்தவர்கள் நூல் கோக்க மறந்துவிட்டார்கள்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் இந்த வேதனையை அறிந்தவர். 1505-இல் இடிமின்னலுக்கு நடுவே சாவுக்குப் பயந்துதான் துறவியாவதாகப் பொருத்தனை செய்தார். மடத்துக்குள் போன பிறகும், தேவனுடைய நீதி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் நடுங்கிய ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்டவர் விடுதலை பெற்ற பிறகு பயம் என்ற வார்த்தையையே தூக்கி எறிந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1529-இல் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் எழுதின ஞானோபதேசத்தில், பத்துக் கட்டளைகளின் விளக்கம் ஒவ்வொன்றும் நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும் என்றே தொடங்குகிறது. பயத்தை ஒரு நாளும் தனியே விடவில்லை, பக்கத்திலேயே நேசத்தை உட்காரவைத்தார். அந்த வார்த்தைக்குத் தமிழிலும் நமக்கு ஒரு துணை உண்டு. பயபக்தி என்கிறோம். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.

யோபுவின் புத்தகத்தைத் துக்க வீடுகளுக்குப் போகும்முன் தயவுசெய்து வாசியுங்கள். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று கேட்டது சாத்தான். கூலி கிடைப்பதால் பயப்படுகிறான், கூலியை நிறுத்தினால் பயமும் போய்விடும் என்பது அவன் கணக்கு. காணிக்கை கொடுத்தால் ஆசீர்வாதம், தவறினால் வியாதி என்று நாம் போதிக்கும்போது அந்தக் கணக்கைத்தான் நாமும் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்களும் ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல மேய்ப்பர்களாக இருந்தார்கள். வாய் திறந்து, நீ செய்த பாவம் என்ன என்று தேடத் தொடங்கியபோது எல்லாம் கெட்டது. கடைசியில், என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபம்கொண்டது யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல். தேவனுக்காக வாதாடுகிறோம் என்று நினைத்தவர்கள்மேல்.

நானும் குற்றமில்லாதவன் அல்லன். ஞாயிறு பள்ளியில் பதினாறு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தேன். சத்தம் போடும் பிள்ளைகளை அடக்க, "ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அடங்கினார்கள். ஒருநாள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "நான் தூங்கும்போதும் ஆண்டவர் பார்ப்பாரா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. உறங்காத அந்தக் கண்ணைப் பற்றி 121-ஆம் சங்கீதம் பாடுவது எத்தனை பெரிய ஆறுதல்! பாதையில் கால் தள்ளாடாதபடி காக்கிறவர் அவர். அதே கண்ணை ஒரு பிள்ளைக்கு இரவில் தூக்கம் வராத திகிலாக்கியவன் நான். அவளிடம் மறுபடியும் பேசுவதற்குள் அவளுடைய குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இதை எழுதும்போதும் அந்த முகம் என் முன்னால் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். போதகராவதற்கு ஆசைப்படுகிறவர்களைப் பார்த்து, அதிக ஆக்கினையை அடைவோம் என்று யாக்கோபு எழுதினாரே, அந்த வசனத்தை ஒரு ஞாயிறாவது சபையின் முன்பாக உங்களுக்கென்று வாசியுங்கள். நீங்கள் நடுங்குவதை நாங்கள் ஒருமுறை பார்த்தால் போதும், தேவபயம் என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். சபைக் கணக்கைக் கேட்காமலே காட்டுங்கள். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருந்தோம் என்று பவுலே எழுதியிருக்கும்போது, அதைக் கேட்பவன் அவிசுவாசி ஆகிவிட மாட்டான். ஒரு பெண்ணோ பிள்ளையோ உங்களிடம் வந்து தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், சபையின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் முதலில் வரும். அந்த நேரத்தில் சிப்பிராளையும் பூவாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்து நாளில் 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். இது எல்லாவற்றிலும் சிறிய வேண்டுகோள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் என் அம்மா பதினோரு ஆண்டுகள் காத்திருந்தது அதற்காகத்தான்.

அவர் எப்படித் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற ஒரு முதிய போதகர் சிலகாலம் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தார். பீடத்தில் ஏற மாட்டார், எங்களோடு கீழேதான் உட்காருவார். ஒரு திருவிருந்து ஞாயிறன்று, அம்மா வழிவிட்டு ஒதுங்கியபோது அவர் முன்னே போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அம்மா தாமாகவே அவரிடம், "நீங்கள் ஏன் ஐயா எடுக்கவில்லை?" என்று கேட்டார். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதியிருக்கிறதே அம்மா, உங்களுக்காகக் காத்திருக்கிறேன்" என்றார் அவர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுவதும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அம்மா தம்பியைப் பற்றிச் சொன்னார். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக. அவர் எந்தப் பதிலும் சொல்லாமல் அழுதார். அம்மாவும் அழுதார். அடுத்த நாள் அம்மா அத்தையைப் பார்க்கப் போனார்.

அடுத்த திருவிருந்தில் அம்மாவும் அந்த முதிய போதகரும் சேர்ந்து எழுந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்பத்தை வாங்க நீட்டிய அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் அவர் சாகும்வரை ஒவ்வொரு திருவிருந்திலும் இருந்தது. ஆனால் அதன்பின் ஒரு மாதமும் அவர் உட்கார்ந்தே இருக்கவில்லை.

வருகிற திருவிருந்து ஞாயிறன்று, எல்லாரும் எழுந்து வரும்போது கடைசி வரிசைகளை ஒருமுறை பாருங்கள். கால்களை ஒடுக்கி வழிவிட்டுவிட்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
சபையின் விசுவாசி ஒருவன்